நிலத்தைத் தாருங்கள், கதையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

நடுவர் ஐயாவுக்கும், பனியையும் பாராமல் உருத்திரபுரம் வாசிகசாலை முற்றத்தில் கூடியிருக்கும் சபையோருக்கும் வணக்கம். மணி ஐயாவின் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

திறந்த உலகக் கணினி விளையாட்டுகளுக்கு வலுவான கதையும் பாத்திரங்களும் அவசியமா என்பது தலைப்பு. அவசியம் என்கிறது எதிரணி. தேவையே இல்லை என்று சொல்ல வந்திருக்கிறோம் நாங்கள். முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமாருக்காக ஒரு வார்த்தை. திறந்த உலகம் என்றால், ஒரு பெரிய ஊரையோ காட்டையோ கம்பியூட்டருக்குள் செய்து, ஆடுகிறவனை அதற்குள் இறக்கி, "இனி உன் பாடு, விரும்பிய பக்கம் போ" என்று விட்டுவிடும் விளையாட்டு. உங்கள் பேரப்பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பை ஆறும் வரை போனுக்குள் தலையை வைத்துக்கொண்டு ஆடுவது பெரும்பாலும் இந்த வகை தான். சரி.

வாதத்துக்குப் போக முன்னர் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "மைன்கிராஃப்டைத் திறந்தால் மண் கிண்டு, கல் உடை, மரம் தறி. கதையும் இல்லை, கதாநாயகனும் இல்லை. மண் கிண்டுவதற்கு எதற்கடா கம்பியூட்டர்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போ!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பின்னால் மதவடிப் பொடியள் விசிலும் அடித்தார்கள்.

அண்ணை, இந்த வார்த்தையை நீங்கள் வேறு எந்த ஊரில் சொல்லியிருந்தாலும் நான் விட்டிருப்பேன். உருத்திரபுரத்தில் நின்று சொல்லிவிட்டீர்களே! மண் கிண்டுவது இளக்காரமா? இந்த முற்றத்துக்கு வர நீங்கள் கடந்து வந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரணைமடுவில் இருந்து. 1902 இல் வேலை தொடங்கி 1920 இல் முடித்த குளம் அது. மண்ணை வெட்டி, மண்ணைச் சுமந்து, மண்ணை இடித்துக் கட்டிய அணைக்கட்டு. 1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் காணி இல்லாமல் இருந்த சனம் இங்கே வந்தது. அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? ஒரு துண்டு காட்டைக் கொடுத்தார்கள். "நீ தான் கதாநாயகன், உன்னுடைய வில்லன் இன்னார், நான்காவது காட்சியில் அவனை வெல்வாய்" என்று யாராவது தாளில் எழுதிக் கொடுத்தார்களா? காட்டை வெட்டினார்கள். யானை வந்தது. மலேரியா வந்தது. கொட்டில் போட்டார்கள், கிணறு வெட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் தான் இப்போது பின்னால் விசில் அடித்தவர்கள்.

மைன்கிராஃப்ட் வேறு என்ன செய்கிறது? ஆடுகிறவனைக் காட்டுக்குள் இறக்கிவிடுகிறது. கையில் ஒன்றும் இல்லை. மரத்தைத் தறித்தால் பலகை. பலகையில் இருந்து ஒரு மேசை. மேசையில் வைத்து ஆயுதம் செய்யலாம். ஆயுதத்தால் கல் உடைக்கலாம். பொழுது பட்டால் இருட்டில் பொல்லாதது எல்லாம் எழும்பி வரும், அதற்குள் நான்கு சுவராவது எழுப்பிவிட வேண்டும். அவ்வளவு தான்.

இதில் ஒரு சின்னச் சங்கதி சொல்கிறேன், விவசாயிகள் கவனமாகக் கேளுங்கள். அந்த விளையாட்டில் கமம் செய்யலாம். மண்ணைக் கொத்தி விதை போட வேண்டும். பக்கத்தில் தண்ணீர் வேண்டும். எவ்வளவு பக்கத்தில்? நான்கு கட்டிக்குள். அந்த உலகம் முழுக்கக் கட்டி கட்டியாகத் தான் அடுக்கியிருக்கும். ஒரு தண்ணீர்க் கட்டியை நடுவில் வைத்தால் சுற்றிவர 80 கட்டி மண் ஈரம் பிடிக்கும். ஐந்தாவது கட்டிக்கு எட்டாது, அது காய்ந்து வெளிறிப்போய்க் கிடக்கும். பயிருக்கு மேலே ஏறித் துள்ளினால் மண் இறுகிப் பயிர் அழிந்துவிடும். நான் ஒரு நாள் போனில் இப்படி ஒரு வயல் செய்துகொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார். அப்பாவுக்குப் போனில் அழைப்பு எடுப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "அந்தக் கரைத் துண்டுக்குத் தண்ணி எட்டேல்லை, நடுவாலை ஒரு வாய்க்கால் இழு" என்றார். இழுத்தேன். கோதுமை முளைத்தது. ஒரு வரி கதை இல்லாத விளையாட்டுக்குள் அறுபது வயது கமக்காரன் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டார். எதிரணி போற்றும் கதை விளையாட்டு எதற்குள்ளாவது அவர் அப்படிப் போயிருப்பாரா? முதல் அரைமணித்தியாலம் இங்கிலிஷில் கதைத்துக்கொண்டே இருப்பார்களே!

மண் கிண்டுவதற்கு எதற்குக் கம்பியூட்டர் என்று கேட்டீர்கள் அண்ணை. உலகம் பதில் சொல்லிவிட்டது. 2009 இல் சுவீடனில் மார்க்கஸ் பேர்சன் என்ற ஒரு தனி மனிதர் வெளியிட்ட விளையாட்டு அது. 2014 இல் மைக்ரோசொஃப்ட் அதை அந்த நிறுவனத்தோடு சேர்த்து 250 கோடி டொலருக்கு வாங்கியது. 2023 இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. 250 கோடி டொலர் கொடுத்து வாங்கியவன் அதற்குள் ஒரு கதாநாயகனைத் தேடியா வாங்கினான்?

"ஏன், அதிலும் முடிவு இருக்கிறதே, பறவை நாகத்தைக் கொன்றால் நீண்ட கவிதை ஒன்று ஓடுகிறதே" என்று எதிரணியின் அக்கா குறுக்கே சொன்னார். ஓடுகிறது அக்கா, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாகத்தை ஒருபோதும் பார்க்காமல் வருடக்கணக்காக ஆடுகிற பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர்! கை தூக்குங்கள் தம்பிமாரே. பாருங்கள் நடுவர் ஐயா. நாகத்தைப் பார்க்காததால் இவர்களில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அதே அக்கா 1984 வரைக்கும் பின்னால் போனார். திறந்த உலக விளையாட்டுகளுக்கு மூத்ததான எலீட் வந்தபோதே பெட்டிக்குள் ஒரு குறுநாவலும் வைத்துக் கொடுத்தார்கள் என்றார். உண்மை தான், நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார், அதற்கு என் பாராட்டு. ஆனால் அந்த நாவல் இருந்தது பெட்டிக்குள். விளையாட்டுக்குள் இருந்தது எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள், ஒரு கப்பல், கொஞ்சக் காசு. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிறேபனும் இயன் பெல்லும் அந்தக் காலத்துக் கம்பியூட்டரின் சின்னஞ்சிறு நினைவகத்துக்குள் அவ்வளவையும் மடித்து வைத்தார்கள். புத்தகத்தைக் கறையான் தின்றாலும் கப்பல் ஓடும்.

அடுத்து நோ மான்ஸ் ஸ்கை. எதிரணியின் மூத்த பேச்சாளர் இதைத் துருப்புச் சீட்டாகப் போட்டார். 2016 இல் வந்தது, எண்ணி முடியாத கிரகங்கள் இருந்தன, கதை இல்லாததால் சனம் திட்டித் தீர்த்தது, பிறகு கதையைச் சேர்த்துத் தான் தப்பினார்கள் என்றார். பாதி உண்மை ஐயா. கதையைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். ஆனால் அதற்கு முன்னர், வெளிவந்த சில மாதத்திலேயே, 2016 நவம்பரில் அவர்கள் அனுப்பிய முதல் பெரிய திருத்தம் என்ன தெரியுமா? வீடு கட்டும் வசதி. திட்டிக்கொண்டிருந்த சனத்துக்கு முதலில் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்து "கட்டு" என்றார்கள். கதை பிறகு தான் வந்தது. ஐயா அந்த நவம்பரை விட்டுவிட்டார்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் இரண்டைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அதன் நாயகன் ஆதர் மோர்கன் இருமத் தொடங்கும் இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. காசநோய் யாரையும் விடாது. அருமையான கதை. ஆனால் அதே விளையாட்டில், அந்தக் கதைக்குள் இருக்கும்போது, காட்டிய பாதையை விட்டு இந்தப் பக்கம் கொஞ்சம் குதிரையைத் திருப்பிப் பாருங்கள். "தோற்றுவிட்டாய், திரும்பத் தொடங்கு" என்று திரை கறுத்துவிடும். வெளியே அவ்வளவு பெரிய நாடு, மலை, ஆறு, பனி. கதை தொடங்கியதும் காலில் கயிறு. கதை வலுக்க வலுக்கக் கயிறும் இறுகும். இது எழுதியவரின் குற்றம் இல்லை. கதை என்றால் அடுத்தது என்ன என்று அவர் முடிவு செய்தாக வேண்டும், அவர் முடிவு செய்தால் நான் முடிவு செய்ய முடியாது.

இந்தக் கயிற்றை நான் படித்தது சான் அன்ட்றியாஸில். கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ என்ற ஜீ.டி.ஏ. வரிசையில் 2004 இல் வந்தது. மூன்று நகரங்கள், இடையில் நாட்டுப்புறம், பாலைவனம், எல்லாம் ஒரே வரைபடத்தில். ஆனால் தொடக்கத்தில் ஒரு நகரம் மட்டும் தான் திறந்திருக்கும், லொஸ் சான்டோஸ். மற்ற இரண்டுக்கும் போகிற பாதை பூட்டு. கதையில் குறிப்பிட்ட இடம் வரை முடித்தால் தான் திறக்கும். அதையும் மீறிப் போனால் தேடப்படுகிறவன் என்று திரையில் நான்கு வெள்ளி விழும், பொலிஸ் துரத்தித் துரத்திச் சுடும்.

பாதை பூட்டு என்றால் என்ன என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2006 ஆகஸ்டில் முகமாலையில், யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதை பூட்டப்பட்டபோது நாங்கள் இந்தப் பக்கம். மருந்தும் சீமெந்தும் யாரோ ஒருவருடைய முடிவுக்காகக் காத்திருந்த காலம். அந்த ஊரில் பிறந்த பிள்ளைகள், சண்டை எல்லாம் முடிந்து, மீள்குடியேறி, மின்சாரம் வந்து, யாழ்ப்பாணத்தில் வாங்கின ஒரு பழைய கம்பியூட்டருக்கு முன்னால் குந்துகிறார்கள். அங்கேயும் பாதை பூட்டு! ஏன்? ரயிலைத் துரத்தவில்லையாம்.

அந்த ரயில் கட்டத்தை ஆடியவர்கள் இங்கே சிரிக்கிறார்கள். விளையாட்டின் நாயகன் சீ.ஜே. மோட்டார் சைக்கிள் ஓட வேண்டும், பின்னால் ஒரு பருத்த மனிதன் இருந்து ரயில் கூரையில் நிற்பவர்களைச் சுட வேண்டும், ரயில் போய்விட்டால் அவன் எங்களைத் தான் திட்டுவான். நானும் மச்சான்மாரும் எத்தனையோ தரம் ஆடினோம். ரயில் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கதையை அப்படியே விட்டுவிட்டோம். அந்த நகரத்துக்குள்ளேயே இருந்துவிட்டோம். அங்கிருந்து தான் எங்கள் விளையாட்டே தொடங்கியது.

நடந்ததைச் சொல்கிறேன், ஆச்சிமார் கேளுங்கள். எங்கள் அம்மம்மா ஒரு நாள் அறைக்குள் எட்டிப் பார்த்தா. திரையில் சீ.ஜே. தெருவில் நிற்கிறான். "ஆரடா உவன்?" என்றா. சுட்டு விளையாடுகிறோம் என்று தெரிந்தால் கம்பியூட்டர் பெட்டிக்குள் போய்விடும். பெரிய மச்சான் சட்டென்று சொன்னான், "அம்மம்மா, இது கனடா மாதிரி ஒரு இடம். சின்ன மாமா அங்கை இப்பிடித்தான் டாக்சி ஓடுறார்." சின்ன மாமா ரொறன்ரோவில் உண்மையிலேயே டாக்சி தான் ஓடினார். அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. போய்ப் பிளாஸ்ரிக் கதிரையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டா.

அன்றோடு எங்கள் சுடுபாடு முடிந்தது. அந்த விளையாட்டில் டாக்சி ஓடலாம். ஒருவரை ஏற்றி, சொன்ன இடத்தில் இறக்கினால் காசு வரும். அம்மம்மா பக்கத்தில் இருப்பதால் நாங்கள் சிவப்பு விளக்கில் நிற்கிறோம். உலகத்தில் அந்த விளையாட்டில் சிவப்பு விளக்கில் நின்றவர்கள் நாங்களாகத் தான் இருக்கும்! முன்னால் போகிற காரில் முட்டினால் அம்மம்மா "ஐயோ பிள்ளை!" என்று எங்கள் தோளைப் பிடிக்கிறா. மேல் மூலையில் காசுக் கணக்குக் கூடிக்கொண்டு போகிறது. "அது என்ன இலக்கம்?" "மாமா உழைச்ச காசு, அம்மம்மா." கண்ணாடியைப் போட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தா. "இவ்வளவு காசை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறான்? உண்டியல்லை ஊருக்குப் போடச் சொல்லு!"

இனித் தான் விஷயம். அந்த விளையாட்டில் சீ.ஜே. சாப்பிட வேண்டும். நெடுநேரம் சாப்பிடாமல் விட்டால் மெலிவான். கூடச் சாப்பிட்டால் கொழுப்பான். ஒரு நாள் அம்மம்மா திரையைப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போனான், கன்னம் ஒட்டிப் போச்சு. இண்டைக்குச் சாப்பிட்டவனோ?" என்று கேட்டா. நாங்கள் மாமாவைக் கோழிக்கடைக்குக் கூட்டிப் போனோம். ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தோம். "இது என்ன, கொறிக்கவோ? இன்னொண்டு வாங்கு." வாங்கினோம். "உழைக்கிற பிள்ளை. இன்னொண்டு." வாங்கினோம். பெரிய மச்சானுக்கு உள்ளுக்குள் சிரிப்பு, ஆனால் கை நிற்கவில்லை. "போதும் அம்மம்மா." "உனக்கென்ன தெரியும், அவன் சின்னனிலையும் மூண்டு தரம் போட்டாத் தான் வயிறு நிரம்பும்." வாங்கினோம், வாங்கினோம். ஆச்சிமாரே, அந்த விளையாட்டைச் செய்தவர்கள் இதையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சித் தின்றால் சீ.ஜே. அந்த இடத்திலேயே குனிந்து சத்தி எடுப்பான்.

எடுத்தான்.

அம்மம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "நான் அப்பவே நினைச்சன், ஆரோ கண்ணூறு பட்டிட்டுது!" குசினிக்குள் போனா. உப்பும் செத்தல் மிளகாயும் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தா. மொனிற்றருக்கு முன்னால் நின்று இடமாக மூன்று தரம், வலமாக மூன்று தரம் சுற்றி, "ஊர்க்கண் உறவுக்கண்" என்று முணுமுணுத்து, கொண்டுபோய் அடுப்புக்குள் போட்டா. மிளகாய் வெடித்துப் புகை வந்து நாங்கள் எல்லாரும் தும்மினோம். அம்மம்மா மட்டும் தும்மவில்லை. "பார், எவ்வளவு கண்ணூறு" என்றா.

பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்கிறார்கள் நடுவர் ஐயா, ஒரே ஒரு தரம் திரும்பச் சொல்கிறேன். லொஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி ஒரு நகரத்தில், கோழிக்கடை ஒன்றில், சத்தி எடுத்த ஒரு பொம்மைக்கு, உருத்திரபுரத்தில், உப்பும் செத்தல் மிளகாயும் வைத்துக் கண்ணூறு கழித்தார்கள்! அடுத்த நாள் சீ.ஜே. எழும்பி நன்றாகத் தான் நடந்தான். "பாத்தியே" என்றா அம்மம்மா. நாங்கள் மறுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் பேச மாட்டேன்.

எதிரணியில் இருந்து குரல் வருகிறது. "அது தானே பாத்திரம்! அம்மம்மா பதறியதும் கண்ணூறு கழித்ததும் ஒரு பாத்திரத்துக்காகத் தானே!" நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்காகத் தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

எழுதியவர்கள் எழுதிய சீ.ஜே. யார்? ஐந்து வருடம் வேறு நகரத்தில் இருந்துவிட்டு, தாய் கொல்லப்பட்ட செய்தி கேட்டு ஊருக்கு வருகிறவன். சண்டைக் கும்பலோடு சேருகிறவன். சிநேகிதனால் காட்டிக் கொடுக்கப்படுகிறவன். அது வலுவான கதை தான். அந்தச் சீ.ஜே.யில் ஒரு துளியும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. காட்சி ஓடினால் பொத்தானை அமத்தித் தாண்டிவிடுவோம். எங்கள் வீட்டுக்குள் வந்தவன், டாக்சி ஓடுகிற, சின்னனில் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்ட, உண்டியலில் காசு போட மறந்த எங்கள் சின்ன மாமா. அவனை எழுதியவர் அம்மம்மா. விளையாட்டுக் கம்பனி கொடுத்தது தெருவும் கடையும் டாக்சியும், நடக்கிற ஒரு உடம்பும். அதுவே போதுமாக இருந்தது. அது தான் எங்கள் அணியின் வாதம் முழுவதும்.

சின்ன மாமாவுக்கு அப்போது அகதி வழக்கு முடியவில்லை, ஊருக்கு வர முடியாது. தொலைபேசியில் குரல் வரும், "அம்மா சுகமோ" என்று. அம்மம்மா "சுகம்" என்பா. வைத்துவிட்டுக் கம்பியூட்டர் அறைக்கு வருவா. அவ நம்பினாவா, அல்லது நம்பியது போல எங்களுக்காக இருந்தாவா, எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்க அவவுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் வேறு யாராவது தன் கதையை எழுதி நிரப்பியிருந்தால், அம்மம்மாவின் கேள்வி எங்கே போய் நிற்கும்?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. இரண்டு நிமிடம் தாருங்கள். ஜீ.டி.ஏ. ஐந்தாம் பாகத்துக்கு 2013 இல் கதைத் தொடர்ச்சி தருவோம் என்றார்கள், வரவே இல்லை, அதே நிலத்தில் பல பேர் சேர்ந்து ஆடுவது மட்டும் இன்றும் ஓடுகிறது. இன்னும் இருக்கிறது, எல்லாவற்றையும் விடுகிறேன். வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

2017 தை மாதம் முடிகிற நேரம், முல்லைத்தீவில் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்புச் சனம், படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணிக்கு முன்னால், தெருவோரம் இருந்தார்கள். பெண்கள், கைக்குழந்தைகள், வயது போனவர்கள். பகல் வெயில், இரவு பனி, ஒரு மாதம். வேலிக்கு அந்தப் பக்கம் படையினர். சனம் கேட்டது தங்கள் காணியை. மாசி முடிந்து கேற் திறந்தது, உள்ளே போனார்கள். அதே கேப்பாப்புலவில் இன்னும் காணி கிடைக்காத குடும்பங்களும் இருக்கின்றன.

அப்படி ஒரு குடும்பம் உறவினரோடு இந்தப் பக்கம் வந்து இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அவர்களின் மகன் என்னிடம் கணினி படிக்க வருகிறவன், யுத்தம் முடிந்து பிறந்தவன். தாய் தகப்பன் வாழ்ந்த வீட்டை அவன் கண்டதில்லை. ஒரு படம் கூட மிஞ்சவில்லை. தகப்பன் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

அவன் மைன்கிராஃப்டில் அந்த வீட்டைக் கட்டத் தொடங்கினான். தாயைக் கேட்டுக் கேட்டு. ஊரோரத்து நந்திக்கடல் களப்புக்காக ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீரை விட்டான். அந்த விளையாட்டில் பனை இல்லை. நேரான தண்டை உயரமாக வைத்து, உச்சியில் மட்டும் இலைக் கட்டிகளைச் சுற்றிக் குத்தி, பனை ஆக்கியிருந்தான். தூரத்தில் இருந்து பார்த்தால் பனை தான். ஒரு நாள் இரவு கிணற்றை வைத்துக்கொண்டிருக்கும்போது தகப்பன் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"கிணறு அதிலை இல்லை," என்றாராம்.

"எங்கை அப்பா?"

"குசினிக்குக் கிழக்காலை. கிட்ட."

"எவ்வளவு கிட்ட? ஒரு கட்டி ஒரு மீற்றர் அப்பா."

மீற்றர் கணக்கு அந்த மனிதருக்கு வரவில்லை. முற்றத்தில் இறங்கினார். இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, காலடி வைத்து நடந்தார். குசினி வாசலில் இருந்து கிணற்றடி வரை, வாயால் எண்ணிக்கொண்டு. அங்கே நின்று, "இதிலை துலா. இதிலை உடுப்புத் தோய்க்கிற கல். இதாலை போனா மாட்டுக் கொட்டில். இதிலை தான் உன்ரை கொம்மா முதல் நாள் குடத்தைப் போட்டு உடைச்சவ" என்றார். தாய் உள்ளே இருந்து, "நானில்லை, உங்கடை தங்கச்சி" என்று சத்தம் போட்டா. மகன் போனை வைத்துக்கொண்டு ஓடி ஓடிக் கட்டி வைத்தான். தகப்பன் நடுச்சாமம் வரை நடந்தார். அவ்வளவு வருடம் வாய் திறக்காத மனிதர்.

எந்தக் கெட்டிக்காரன் எழுதிய கதை அந்த மனிதரை முற்றத்தில் இறக்கியிருக்கும், எதிரணியினரே? வில்லனைக் கொன்று இளவரசியை மீட்கச் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாரா? அவருக்கு வேண்டியிருந்தது கால் வைக்க ஒரு வெறுந்தரை. அதை அந்த விளையாட்டுக் கொடுத்தது, வேறு ஒருவரும் இன்னும் கொடுக்கவில்லை.

அந்தப் பொடியன் இங்கே தான் இருக்கிறான், போனும் கையில் தான். வீடு முடிந்துவிட்டது, வேலி மட்டும் முடியவில்லை. தெருப் பக்கம் கிடுகு வேலி என்கிறார் தகப்பன், பூவரசம் வேலி என்கிறா தாய், இரண்டு கிழமையாக வழக்கு இழுபடுகிறது. எதிரணித் தலைவர் கூட்டம் முடிய அவர்களிடம் போகட்டும். அங்கே போயும் கதை எங்கே, பாத்திரம் எங்கே என்று கேட்க மனம் வந்தால் கேட்கட்டும். வராவிட்டால் குந்தியிருந்து அந்த வேலி வழக்கையாவது தீர்த்து வைத்துவிட்டு வரட்டும்.

வணக்கம்.